தேனீக்கள் கொண்டுவந்த பெயர்

மண்ணெண்ணெயில் பூண்டை நசுக்கிப் போட்டது போன்ற மணம். கீழ்வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு என்னவோ அடித்திருக்கிறார்கள். படியேறி என் அறைவரை வந்துவிட்டது. யன்னலைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். இரண்டு கோடைக்கு முன் இதே மணம் என் விரல்களில் இருந்தது.

அப்போது லண்டன் ஹவுன்ஸ்லோவில் நகரக் கவுன்சில் வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. அடுத்த துண்டு எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தியுடையது. விமான நிலையத்தில் துப்புரவு வேலை. விடியற்புற ஷிப்ட் முடிந்ததும் நேரே அங்கே வருவாள். இரண்டு பெட்டிகளில் தேனீ வளர்த்தாள். தலைக்கு மேல் விமானம் இரைய, பெட்டி வாசலில் குந்தியிருந்து, எது என்ன நிறத்தில் மகரந்தம் கொண்டுவருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இவையளுக்கு விசாவும் இல்லை, செக்கிங்கும் இல்லை, அண்ணை. மூண்டு மைலுக்கு ஆரின்ரை வளவுக்குள்ளையும் போய் வருவினம்.”

ஓரிடத்தில் இருக்கமாட்டாத என்னைவிடத் தன் தேனீக்கள் வீடுதங்கிகள் என்று பகிடி பண்ணுவாள்.

அந்த ஜூலையில் என் பூசணிக் கொடியில் பூச்சி. ஊருக்குப் போய் வந்தபோது சூட்கேசில், மிளகாய்த்தூள் பொதிக்குள் ஒளித்து, ஒரு மருந்துப் போத்தல் கொண்டுவந்திருந்தேன். நாங்கள் எல்லோரும் அப்படி ஏதோவொன்றைக் கொண்டுவருகிறவர்கள்தான். ஒரு காலை, பூக்கள் வாய் திறந்திருந்த நேரம், அடித்தேன். மஞ்சளுக்குள் தேனீக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடித்தேன்.

மறுநாள் பெட்டி வாசலில் குவியல். சில இன்னும் சாகவில்லை. நாக்கை நீட்டியபடி நின்ற இடத்திலேயே சுழன்றன. வேலை உடுப்பை மாற்றாமல், முழங்காலில் இருந்து, கையால் கூட்டி அள்ளினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

“அண்ணை, நீங்கள் ஏதும் அடிச்சனீங்களோ?”

“இல்லையே” என்றேன்.

அந்தச் சொல்லோடாவது நின்றிருக்கலாம். நிற்கவில்லை. விமானப் புகையாக இருக்கும், பாதையோரப் புல்லுக்கு யாரோ அடித்ததாக இருக்கும் என்று நானே காரணம் அடுக்கினேன். நீங்கள் எழுதுகிற ஆள்தானே, கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றாள். எழுதினேன். நன்றாகவே எழுதினேன். இந்தச் சின்ன உடல்கள் நம் காற்றையும் மண்ணையும் சுமந்து திரும்புகின்றன, நாம் செய்ததை நமக்கே சொல்கின்றன, தயவுசெய்து இவற்றைச் சோதித்துப் பாருங்கள் என்று. அந்த வரியை வேலைத்தலத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாளாம்.

கடிதம் கைமாறிக் கைமாறிப் போய், செத்தவற்றைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். செப்டம்பரில் முடிவு வந்தது. அதற்குள் இரண்டாவது பெட்டியும் ஓய்ந்துபோயிருந்தது. என் கொடியிலும் ஒரு பிஞ்சு நிற்கவில்லை. விளங்கப்படுத்திச் சொல்லச் சொல்லித் தாளை என்னிடம் நீட்டினாள். இந்த நாட்டில் விற்கத் தடையான ஒரு மருந்தின் பெயர். என் கொட்டிலில், போத்தலின் மேல் இருந்த பெயர். நான் சொல்லாததை, தேனீக்கள் செத்த பிறகும் சுமந்துபோய்ச் சொல்லியிருந்தன.

“நான்தான்” என்றேன்.

அவள் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

“அண்டைக்குக் கேட்டனான்தானே.”

அடுத்த ஞாயிறு வெறும் பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். துண்டைக் கவுன்சிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் ஒரு பெட்டியின் முனையைப் பிடித்தேன். அவள் மறுமுனையைப் பிடித்தாள். தூக்கிய கைக்குத்தான் தெரிந்தது, எவ்வளவு கனமில்லை என்று. தோட்டத்து வாசல் படலையடியில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். நான் கிட்டப் போனேன். அவள் என்னைப் பார்க்காமல், காய்ந்த கொடியைப் பார்த்துச் சொன்னாள்:

“வாற வருஷம் பூசணி காய்க்கோணுமெண்டால் இனிக் கையாலதான் ஆண் பூவைப் பெண் பூவிலை தொட்டுவிடோணும், அண்ணை. வெள்ளன வாங்கோ. வெயில் ஏறினால் பூ மூடிப்போடும்.”