நோர்வே மாமியின் பாதாம் கோபுரம்

பிள்ளை நித்திரையால எழும்ப முதல், சுடுதண்ணியில ஊறின பாதாமை நுள்ளித் தோல் உரிக்கிறதும், கையைத் துடைக்கிறதும், ரெண்டு வரி எழுதுறதுமா இருக்கிறன். வீட்டில ஓடர் எடுத்துக் கேக் செய்யிறவைக்கு அடுப்பை விட ஃபோன்தான் கூடச் சுடும். என்னைப் போல அவதிப்படுற அக்கா தங்கச்சிமாருக்கு இது விளங்கும். எட்டாம் வகுப்போட நிண்டவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கஜுவோ பாதாமோ

என்ரை அவருக்குத் தூரத்து மாமி ஒருத்தி ஒஸ்லோவில இருக்கிறா. மகளின்ரை கலியாணம் வெள்ளவத்தையில. கேக் மட்டும் அந்த ஊர் முறையில வேணுமாம். அரைச்ச பாதாம், ஐசிங் சீனி, முட்டை வெள்ளை எல்லாம் குழைச்சு, பெரிசிலயிருந்து சின்னன் வரை பதினெட்டு வளையம் சுட்டு, கோபுரம் போல அடுக்கிறது. அச்சும் அனுப்பிப்போட்டா. எனக்குத் தெரிஞ்சது லவ் கேக்கும் ரிபன் கேக்கும்தான். ஆனால் ஆக்களோட கதைக்கவே கூச்சப்படுறவள் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது? "ஓம் மாமி" எண்டிட்டன்.

அண்டையில இருந்து ஒரே யோசினைதான். சபைக்கு நடுவில கோபுரம் சரிஞ்சால் எந்த முகத்தோட நான் றோட்டில இறங்குறது? பக்கத்து ஃபிளாட் ரஞ்சி அக்கா பாதாம் விலையைக் கேட்டு நெஞ்சில கை வைச்சா. "எடி, முந்திரிக் கஜுவை அரைச்சுப் போடு. நோர்வேக்காரற்றை நாக்கில லேபல் ஒட்டியே கிடக்கு?"

நான் பாதாம்தான் வாங்கினன்.

ஒற்றைப்படை

கலியாணத்துக்கு மூண்டு நாள் முந்தி மாமி வந்து, சுட்டு டின்னில வைச்ச வளையங்களை எண்ணினா. முகம் மாறிச்சு. பலகாரத் தட்டெல்லாம் ஒற்றையா வைக்கேக்கை இது மட்டும் இரட்டையோ எண்டு கேட்டா. அச்சில பதினெட்டுக்குத்தான் இடம். சாப்பாட்டுப் பிளேட்டைக் கவிழ்த்துப் பேப்பரில வட்டம் கீறி, அடியில வைக்கப் பத்தொன்பதாவதைக் கையால உருட்டி வளைச்சன். ஒரு பக்கம் மொத்தம், மற்றப் பக்கம் மெல்லிசு. "நோர்வேயில பதினெட்டுத்தானே மாமி" எண்டு மெல்லச் சொல்லியும் பார்த்தன். "அது அங்கை. இங்கை ஐயர் பாப்பார், அதை விட சம்பந்தி பாப்பா."

ஒட்டு

கலியாணத்தண்டு விடியவே ஹோலுக்குப் போய் அடுக்கத் தொடங்கினன். வளையத்துக்கு வளையம் ஐசிங்கை நூல் போல விட்டால் காணுமெண்டு மாமி வொய்ஸ் மெசேஜில சொல்லியிருந்தா. எனக்கு மனம் ஆறேல்லை. ஒண்டை வைக்கிறன், தள்ளி நிண்டு பாக்கிறன், ஆடுற மாதிரித் தெரியுது, திரும்ப ஓடி வந்து இன்னும் ரெண்டு சுத்து விடுறன். பெட்டி தூக்க வந்த என்ரை மனுசன் சொன்னார்: "கேக் ஒட்டுறியோ, மதில் கட்டுறியோ?"

தூக்கினது

தாலி கட்டி முடிஞ்சு மாப்பிள்ளை பொம்பிளை கேக்குக்கு வந்திச்சினம். ஆரோ கத்தியை நீட்ட, மாமி தடுத்தா. அந்த ஊரில வெட்டுறேல்லையாம். ரெண்டு பேருமாப் பிடிச்சு மேல் பக்கத்தைத் தூக்கவேணுமாம். கையோட எத்தனை வளையம் ஒட்டிக்கொண்டு வருதோ, அத்தனை பிள்ளையாம்.

இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!

தூணுக்குப் பின்னால நிண்டு பாக்கிறன். தூக்கினம். மூண்டு, அஞ்சு, எட்டு... வந்துகொண்டே இருக்கு. பதினொண்டு! கீழை எட்டு அசையாமல் நிக்குது. பொம்பிளை முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஹோலே சிரிச்சுது. "ஆர் செய்தது?" எண்டு மாப்பிள்ளையின்ரை தாய் கேட்டா. ஓடிப்போகத்தான் நினைச்சன். கால் என்னவோ முன்னுக்குப் போச்சு. "நான்தான். விழுந்திடுமெண்ட பயத்தில ஒட்டுக் கூடிப்போச்சு" எண்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்லிப்போட்டன். அவ என்ரை கையைப் பிடிச்சா. "பிள்ளை, பதினொண்டையும் வளர்க்க நீதான் வரவேணும்."

இப்ப உரிக்கிறது கொட்டாஞ்சேனைக் கலியாணம் ஒண்டுக்கு. பொம்பிளையின்ரை தாய் காலமை தொடக்கம் மூண்டு தரம் ஃபோன் எடுத்திட்டா, ரெண்டுக்கு மேல ஒட்டக்கூடாதாம். மொத்தத்தில இந்தத் தொழிலில நான் படிச்சது என்னெண்டால், ஐசிங் குழைக்க முதல் பிள்ளை எத்தனை வேணுமெண்டு கேட்டு... இந்தா வாறன் குஞ்சு, அழாதை, அம்மா கையைக் கழுவிப்போட்டு...