பூட்டிய வீட்டில் மணி பிளான்ட்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பூட்டிய வீடுகளுக்கென்று ஒரு விதி இருக்கிறது. உரிமையாளர் ஊரில் இல்லாதபோது அவருடைய வீட்டுக்குள் யாரும் நுழையக் கூடாது. நுழைய வேண்டுமானால் அவருடைய சம்மதம் எழுத்தில் வர வேண்டும். தண்ணீர், தீ, எரிவாயு இவற்றால் அவசரம் என்றால் மட்டும் செயலாளர் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு கதவைத் திறக்கலாம். திறந்து கண்டதை அப்படியே எழுதி உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். விதியை எழுதியவன் நான். செயலாளரும் நான்தான். பிறர் எழுதிய விதிகளுக்கு விளக்கம் சொல்லியே அரசுப் பணியில் காலம் தள்ளியவன், ஓய்வு பெற்ற பிறகு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்த ஊரின் சாரம் பகுதியில் ஒரு சின்ன அடுக்குமாடி கையில் கிடைத்தால் இதைத்தான் செய்வான்.

எனக்கு மேல்வீட்டில் இருந்தவரை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். ஒரே மகளும் அங்கேதான். என் மனைவி போன பிறகு என்னை எதிர்த்துப் பேச மிஞ்சியிருந்தவர் மதாம் ஒருவர்தான். மாலையில் மொட்டை மாடியில் துணி எடுக்க வரும்போது நான் அன்றைக்கு ஒட்டிய அறிவிப்பில் இருக்கும் குறைகளை வரிசையாகச் சொல்லுவார். அதற்காகவே சில அறிவிப்புகளை ஒட்டியிருக்கிறேன்.

அவர் வீட்டுக் கூடம் முழுக்க மணி பிளான்ட். கடையில் தொங்கும் ஒரு ரகத்தை மட்டும் தெரிந்தவர்கள் அங்கே போனால் திகைத்துவிடுவார்கள். பச்சையில் மஞ்சள் தெளித்த கோல்டன் எல்லோருக்கும் தெரிந்தது. பாதி வெள்ளையும் பாதி பச்சையுமாகக் கீறிக்கீறிப் போன மார்பிள் குயின் இருந்தது. எலுமிச்சை நிறத்தில், எங்கோ விளக்கு எரிவதுபோல் தெரியும் நியான் இருந்தது. சாம்பல் புள்ளி போட்ட, தொட்டால் வெல்வெட் போலிருக்கும் சாட்டின் என்ற ஒன்றும் இருந்தது. அது உண்மையில் வேறு குடும்பக் கிளை என்று ஒருமுறை திருத்தினேன். "வீட்டுக்கு வந்தப்புறம் எல்லாம் ஒரே குடும்பம்தான் முசியே" என்றார். பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசியே; என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

கிணறும் போர்வெல்லும் உப்புக் கரிக்கும் ஊர் இது. அதனால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து ஊற்றுவார். மேல்மண்ணில் விரலை விட்டு, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். வெயில் நேராகப் படக் கூடாது, ஆனால் வெளிச்சம் குறையவும் கூடாது. குறைந்தால் மார்பிள் குயினின் வெள்ளை மறைந்து வெறும் பச்சையாகிவிடும். இலையின் வெள்ளைப் பகுதியால் செடிக்குச் சாப்பாடு சமைக்க முடியாது, இருட்டு வந்தால் செடி பச்சைக்குத் திரும்பிவிடும். இதை அவர் சொல்லித்தான் கேட்டேன். பிறகு படித்தும் சரிபார்த்தேன்.

தீபாவளி முடிந்ததும் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக மகளிடம் போனார். பொங்கலுக்குத் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

"செடியெல்லாம் என் வீட்டுல வெச்சிக்கறேன் மதாம்" என்றேன்.

"வேணாம். நீங்க தண்ணி ஊத்தியே கொன்னுடுவீங்க. உங்க துளசி கதை இந்த பில்டிங்குக்கே தெரியும்."

"சாவியாவது குடுங்க."

"குடுத்தா ஒரு ஃபைல் போடுவீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "வீடு எம்பொண்ணு பேர்ல இருக்குது முசியே. காலி வீடுன்னு சங்கத்துக் கடுதாசி ஒன்னு போனா போதும், அத சாக்கா வெச்சி அங்கேர்ந்தே வித்துடுவா. அப்புறம் நான் வந்து எங்க எறங்கறது? நான் வர்ற வரைக்கும் யாரும் தொறக்காம பாத்துக்கங்க."

ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு பருத்தித் திரியை எடுத்து வாளித் தண்ணீரில் விட்டார். மண் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். மரச் சன்னல்களை நானே சாத்திக் கொக்கி போட்டேன். மாடிக்குப் போய் அவர் வீட்டுக்கான தண்ணீர் வால்வை மூடினேன். பூட்டு தொங்கியது.

பொங்கல் வந்தது, மதாம் வரவில்லை. மகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. முதல் நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்புவதில் எனக்குள்ள அனுபவம் சாதாரணமானதல்ல, அதுவும் பலிக்கவில்லை.

மாசி மகத்துக்குச் சாமிகள் கடற்கரைக்குப் போன வாரத்தில், பூட்டிய கதவுக்கு மேலிருக்கும் காற்றுத்துளை வழியாக ஒரு கொடி வெளியே வந்திருந்தது.

அது வந்ததில் அதிசயமில்லை. இருட்டிலிருக்கும் கொடி வெளிச்சத்தைத் தேடி நீளும். அப்படி நீண்டது மெலிந்து, இலைக்கும் இலைக்கும் இடையே வெறும் தண்டாக, சின்னப் பச்சை இலைகளோடு இருக்க வேண்டும். இதுவோ கை அகல இலைகளோடு வந்திருந்தது. ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் வெள்ளை. நல்ல வெளிச்சத்தில் வைத்துக் கவனித்த மார்பிள் குயின். காலையில் பார்த்தால் இலை நுனியில் சொட்டுத் தண்ணீர் நின்றது. வேர் நிறையக் குடித்திருந்தால்தான் அப்படி நிற்கும்.

நான் சன்னலைச் சாத்திய கையைப் பார்த்துக்கொண்டேன்.

எனக்குக் கீழ்வீட்டில் ஒரு பெண் கணவரோடு குடியிருக்கிறார். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். தட்டாஞ்சாவடியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. முதலில் கொடியை ஒடித்தவர் அவர்தான். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"கேட்டா குடுத்திருப்பேனே" என்றேன், கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லாவிட்டாலும்.

"கேட்டு வாங்கினா வளராது சார். மணி பிளான்ட்ட திருடிக்கினு வந்து வெச்சாத்தான் வளரும். நீங்க பாக்காத மாதிரி போயிடுங்க."

பார்க்காத மாதிரி போனேன். அடுத்தடுத்து எல்லா வீட்டுக்காரர்களும் திருடினார்கள். இந்த ஊரில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. பிராந்தி பாட்டில், பீர் பாட்டில், விஸ்கி பாட்டில் என்று ஒவ்வொரு சன்னலிலும் ஒரு துண்டு நின்றது. ஒடிக்க ஒடிக்கக் கொடி இன்னும் இரண்டாகப் பிரிந்து வந்தது. அதுவும் இயல்புதான், ஒடித்தால் கிளைக்கும். இயல்பில்லாதது என்னவென்றால், வீடுகளில் வைத்த துண்டுகள் அத்தனையும் அழுகின. மணி பிளான்டைச் சாகடிப்பது சுலபமல்ல. நான்கூட ஒன்றைக் கொன்றதில்லை.

ஒருநாள் மத்தியானம், கடைகளெல்லாம் சாத்தித் தெருவே தூங்கும் நேரத்தில், மேலே போனேன். மதாம் வீட்டு வாசலில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. திருடியதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. சுவர் ஓரமாக, கோயில் வாசலில் செருப்பு விடுவதுபோல ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, கறுத்துப்போயிருந்த தண்டுகளில் வெள்ளை வேர் விட்டிருந்தது.

காரணம் கண்டுபிடித்தேன். எல்லா வீட்டிலும் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பாட்டிலில் ஊற்றியிருந்தார்கள். ஊர் உப்பெல்லாம் அதில்தான் சேரும். வாசலில் வைத்த பிறகு கோடை மழைச் சாரல் நடைவழிக் கம்பி வழியாக அடித்து, பாட்டிலில் நல்ல தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இதைக் கூட்டத்தில் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் கீழ்வீட்டுப் பெண் பின்னாலேயே வந்தார்.

"சார், அந்தூட்ட தொறந்துடலாம் சார்."

"அனுமதி வரல."

"என்னா அனுமதி? உள்ள யாரோ கீறாங்க. மத்தியானத்துல ஜன்னல் தொறக்கிற சத்தம் கேக்குது. அப்புறம் சாத்துற சத்தம். நீங்க நடுவுல இருக்கீங்க, உங்களுக்குக் கேக்கலயா?"

"நான் அப்ப தூங்கிடுவேன்."

"நீங்க தூங்கறவரா? நான் நைட் ஷிப்ட்டு முடிச்சி வந்தாக்கூட எந்நேரத்துக்கு வந்தேன்னு கேக்கறீங்க."

எனக்கும் கேட்டிருந்தது. தெற்கிலிருந்து கடற்காற்று திரும்பும் வேளையில் ஒரு சத்தம், வெயில் தாழும்போது ஒரு சத்தம். மதாம் வீட்டில் இருந்த காலத்திலும் சன்னல் அந்த வேளைகளில்தான் திறக்கும், சாத்தும். திறந்து பார்த்தால் ஒரு அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை மகளுக்குப் போகும். வீடு காலி என்று அதில் எழுதாமல் இருக்க முடியாது. சமீப காலமாக ஒரு வீட்டுத் தரகர் வேறு வாசலில் வண்டியை நிறுத்திக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு இருக்கும்வரை மதாம் வெளியூர் போயிருக்கிறார். பூட்டை உடைத்துவிட்டால் மதாம் இல்லை. நான் விதியைப் பிடித்துக்கொண்டேன்.

விதியே என்னைக் கைவிட்டது. கத்திரி வெயிலில், என் கூடத்துக் கூரையில் ஈரம் பரவியது. தண்ணீர் என்றால் அவசரம். செயலாளர் செயல்பட்டாக வேண்டும்.

கீழ்வீட்டுப் பெண்ணும் அவர் கணவரும் சாட்சிகள். பூட்டுக்காரர் உடைத்துவிட்டு, உள்ளே பார்க்காமலேயே கூலியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கதவைத் தள்ளியதும் குளிர்ச்சியாக ஒரு காற்று வந்தது. பூட்டிய வீட்டு வாடையே இல்லை. மழைக்குப் பிறகான தோட்டத்தின் வாசனை. கோல்டன் கொடி சுவரேறிப் பரண்வரை போயிருந்தது. மேலே ஏறினால் அதன் இலை பெரிதாகும்; கீழே தொங்கினால் சிறுக்கும். ஏறியிருந்த இலைகள் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாகி, ஓரம் கிழிந்து கிழிந்து, காட்டில் இருப்பதுபோல் இருந்தன. அதில் ஒரு கிளை குளியலறைக்குள் நுழைந்து, ஃபிளஷ் தொட்டிக்குள் வேரை இறக்கியிருந்தது. நான் மாடியில் மூடிய வால்வு ஏற்கெனவே தேய்ந்துபோனது. துளித் துளியாக விட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வேர் மிதவையை அமுக்கித் தண்ணீர் வழிந்து, என் கூரைக்கு வந்திருக்கிறது. சன்னல் கொக்கி உப்புக் காற்றில் அரித்து உடைந்திருந்தது. கடற்காற்று வந்தால் திறக்கும், காற்று விழுந்தால் சாத்திக்கொள்ளும். நாங்கள் நிற்கும்போதே ஒருமுறை திறந்தது. சாட்சியான கணவர் படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

"பாத்தியாம்மா, காத்துதான்" என்றேன்.

"காத்துதான்னு எழுதிக்கங்க சார்" என்றார் அந்தப் பெண், நின்ற இடத்திலிருந்து நகராமல்.

எழுதினேன். வால்வு, வேர், கொக்கி, எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஒன்றை மட்டும் எழுதவில்லை. சன்னல் பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரும் கூடத்தில், தொட்டியில் நிற்கும் செடி சன்னலை நோக்கிச் சாயும். அதற்காகத்தான் மதாம் ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசை கேட்டுவிட்டு வந்ததும் ஒவ்வொரு தொட்டியையும் கால் சுற்றுத் திருப்பி வைப்பார். மாதக்கணக்கில் யாரும் திருப்பாத தொட்டிகள் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்க வேண்டும். நியானும் சாட்டினும் நேராக நின்றன. எல்லாப் பக்கமும் சமமாக இலை விட்டிருந்தன. சாட்சிகளுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. நல்ல செடிகள், அவ்வளவுதான்.

புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரே சாவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சாவிகளைக் கடைக்காரரிடமே துண்டாக வெட்டிப்போடச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பொருட்படுத்தவில்லை. சன்னலுக்குக் கம்பி உண்டு. கொக்கியும் புதிதாக மாட்டினேன். பிறகு ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் சன்னலைப் பார்த்தபடி சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றப் போனேன். கோடுகள் அத்தனையும் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. ஊற்றாமல் திரும்பிவிட்டேன்.

மகளுக்கு மறுபடி எழுதினேன். வீடு நல்ல நிலையில் இருக்கிறது, ஒருவர் குடியிருப்பதுபோலவே இருக்கிறது என்று எழுதினேன். பணிக்காலத்தில் அவ்வளவு கவனமாக ஒரு வாக்கியத்தை அமைத்ததில்லை. இரண்டு கேள்விகள் கேட்டேன். ஒன்று, மதாம் எப்போது திரும்புவார். இரண்டு, இந்த வீட்டுக்கு இன்னொரு சாவி யாரிடமாவது இருக்கிறதா. பூட்டே புதிது என்னும்போது இரண்டாவது கேள்விக்கு அர்த்தமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

வாரங்கள் போயின. கோடுகள் ஒரு முழுச் சுற்று முடித்துச் சன்னலுக்கே வந்தபோது ஈரத் துணியால் அவற்றைத் துடைத்துவிட்டேன். வேவு பார்ப்பது மரியாதையில்லை என்று பட்டது. வாசலில் இருந்த பாட்டில்களையும் உள்ளே எடுத்து வைத்தேன். கீழ்வீட்டுப் பெண் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு பயமா இல்லையா சார்?"

"யார்கிட்ட பயப்படணும்?"

அவர் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மகளின் பதில் சுருக்கமாக இருந்தது. அம்மாவால் இனிப் பயணம் செய்ய முடியாது. பேச்சும் குறைந்துவிட்டது. பழைய சாவி அம்மாவிடம்தான் இருக்கிறது, தூங்கும்போதும் கையை விட்டு இறக்குவதில்லை, கேட்டால் கோபப்படுகிறார். அம்மா உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்பதில்லை. தேவைப்பட்டால் நீங்கள் திறந்துகொள்ளலாம்.

அதைத்தான் எழுத்துப்பூர்வமான சம்மதமாக எடுத்துக்கொண்டேன். தெருமுனையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பிரான்சின் தேசிய தினம்; அங்கே அன்று அரசு விடுமுறை. விடுமுறை நாளில் பதில் எழுதுபவர்களை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. அச்செடுத்து, கோப்பில் வைத்து, மேலே குறித்தேன்: பதில் கிடைத்த நாள், ஜூலை பதினான்கு.