தம்பிக்குப் பிரஷர் மருந்தா?

அம்மாவின் போனில் ரகசியமாக எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார்.

என் ஐந்து மாதத் தம்பியின் இமையில் சிவப்பாக ஒரு ரத்தக்குழாய்க் கட்டி இருக்கிறது. பிறந்தபோது வெறும் புள்ளி. இப்போது கண்ணைப் பாதி மூடிவிட்டது.

இன்று வேலூரில் டாக்டர் அவன் இதயத்தையும் சோதித்துவிட்டு மருந்து எழுதினார். "கண்ண மறைச்சிக்கிட்டே இருந்தா பார்வை போய்டும். உடனே ஆரம்பிங்க" என்றார்.

ஆம்பூருக்குத் திரும்பியதும் மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீட்டைப் பார்த்து, "இது பிரஷர் மருந்தாச்சே, உங்களுக்காண்ணே?" என்றார்.

அப்பா வாங்காமலே வெளியே வந்துவிட்டார்.

"கைக்கொழந்தைக்கு இன்னா பிரஷரு? டாக்டர் சீட்ட மாத்திக் குடுத்துட்டாரு."

"இல்லப்பா, கட்டியும் இதுலதான் சுருங்கும்னு சொன்னாரே" என்றேன்.

"டேனரில தோல் பாத்துப் பாத்துத் தரம் பிரிக்கிறவன் நானு. எனக்குத் தெரியாத தோலா? தானா போய்டும். நீ வாய மூடு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நானே வாங்கிக் கொடுக்கவும் பயம், அளவு தப்பினால் ஆபத்தாம். சும்மா இருக்கவும் பயம்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இப்படிக் கட்டி வந்து, இந்த மருந்து கொடுத்திருந்தால் தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். நான் சொன்னால் அப்பா நம்ப மாட்டார். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வந்தால், யார் எழுதியது என்றுகூடக் கேட்காமல் நம்பிவிடுவார்.