கங்கு கேட்டு வந்தவர்

சிலோனிலிருந்து வந்து மஞ்சூர் தேயிலை எஸ்டேட்டில் குடியேறிய புதிது. கைக்குழந்தைக்குக் குளிர் தாங்காதென்று கடையில் கரியைத் தட்டித் தட்டிப் பொறுக்கினேன். அரைகுறையாக வெந்த கரி புகையும்; நன்றாக வெந்தது கணீரென்னும். சிலோனில் துரை பங்களாவில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி பொறுக்கிப் பழகிய கை.

மத்தியானம் நல்ல மழை. தொழிலாளர் லயத்து அறையின் இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்துவிட்டுச் சட்டியில் கரியை மூட்டினேன். துளிப் புகையில்லை. பெருமையாக இருந்தது. பிள்ளை தூங்கினான். எனக்குத் தலை வலித்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஏனுங்க, அடுப்புப் பத்த வெக்கோணும். ரெண்டு கங்கு குடுங்க."

பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரம்மா. வெள்ளிக்கிழமை அதுவுமாகப் பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து நெருப்புக் கொடுப்பதா? பேசாமல் இருந்தேன். அவர் விடவில்லை. எரிச்சலோடு எழப் பார்த்தேன், கால் வரவில்லை. கூப்பிடக் குரலும் வரவில்லை. பிள்ளையை உலுக்கினேன். அவன் கண் திறக்கவில்லை.

"உள்ளதானுங்க இருக்கறீங்க? ஏன் பேச்சையே காணோம்?"

கதவை இடித்துத் திறந்தவர் பிள்ளையை வாரிக்கொண்டு மழைக்குள் ஓடினார். நான் தவழ்ந்தேன். சாரல் பட்டும் அவன் அசையவில்லை. அவர் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகுதான் வீறிட்டான்.

அடைத்த அறையில் கரி விஷக்காற்றை விடுமென்று அப்புறம் சொன்னார்கள். மட்டமான கரியாக இருந்திருந்தால் புகைக்குப் பயந்து நானே கதவைத் திறந்திருப்பேன்.

மழை விட்டதும் அந்தக் கரிச்சட்டியைக் கங்கோடு அப்படியே அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அப்போதும் வெள்ளிக்கிழமைதான்.