இரும்பில் வார்த்த விலை

இறைச்சி அரைக்கும் அந்த எந்திரத்தின் வயிற்றுப் பக்கத்தில், விலை இரும்போடு இரும்பாக வார்க்கப்பட்டிருந்தது. சோவியத் நாட்டில் அப்படித்தானாம். கடைக்குக் கடை மாறாதாம். இப்போது தூறல் போட்டாலே போனில் ஆட்டோ கட்டணம் கண்ணெதிரே ஏறுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணைத் தடவிய ஞாபகம் விரலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த எந்திரத்தைக் கொண்டுவந்தவர் ஒரு கப்பலின் சமையல்காரர். நான் அப்போது ராயபுரத்தில், கப்பல்களுக்கு மளிகை அனுப்பும் கடையில் வேலை பார்த்தேன். அவருடைய கப்பல் கிளம்பும்போது இருந்த நாடு, அது இங்கே வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் இல்லாமல் போய்விட்டது. கப்பல் இனி யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சம்பளம் நின்றது, பிறகு அரிசியும் தீர்ந்தது. காலை மூட்டத்தில் பார்த்தால் அந்தக் கப்பல் தண்ணீரைத் தொடாமல் நிற்பதுபோல இருக்கும். நான் கடையைத் திறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கப்பலில் இருந்தவர்களின் சோற்றுக்காக அவர் படகில் கரைக்கு வந்து, மீன் விற்கும் என் அத்தையின் கூடைக்குப் பக்கத்தில் தன் சொந்தச் சாமான்களைப் பரப்பினார். செத்துப்போன ரூபிளைப் பழைய கணக்கில் ரூபாயாக்கி விலை சொன்னார். வாணலிக்கு ஒருவர் இரக்கப்பட்டுக் கூடுதலாகக் கொடுத்தபோது, அதிகப்படியைத் திருப்பிக் கொடுத்தார். வாணலி போயிற்று, கரண்டிகள் போயின, அரிசிக்குத்தான் காசு தேறவில்லை. மிஞ்சியது அந்த எந்திரம் ஒன்றுதான். அதற்காவது விலையைக் கூட்டிச் சொல்லச் சொன்னேன்.

“அரசாங்கம் போட்ட விலையை நான் எப்படி மாற்றுவது?” என்று தெரிந்த இங்கிலீஷில் என்னைக் கேட்டார்.

அத்தைக்கு அதைச் சொன்னேன். “அந்த அரசாங்கமே பூட்ச்சே நைனா, அது போட்ட வெல மட்டும் இன்னாத்துக்கு?” என்றாள். அதை அவருக்கு மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அத்தை அவரைப் பழக்கினாள். இரண்டு மடங்கு சொல்ல வேண்டும். ஆள் நகர்ந்தால் கூப்பிடக் கூடாது, கடலைப் பார்க்க வேண்டும். “கட்டாதும்மா” என்ற ஒரு சொல்லை அவர் ஜெபம்போல முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணும் கடலும் ஒரே நிறம்.

ஒரு மெஸ்காரர் வந்தார். விலை கேட்டார், நகர்ந்தார். சமையல்காரர் கடலைப் பார்த்தார். மெஸ்காரர் திரும்பி வந்து, சொன்ன விலைக்கே வாங்கிப் போனார். அத்தை கைதட்டிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “நான் அவரை ஏமாற்றிவிட்டேனா?” என்று என்னைக் கேட்டார்.

நேராக அரிசிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் சொன்ன விலையைச் சமையல்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தார்.

“இன்னா பொழைப்புப்பா இது! கொறச்சிக் கேளு!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

“கடைக்காரருக்காகவும் யாராவது பசியோடு காத்திருக்கலாம்” என்றார் அவர். நான் அதைச் சொன்னதும் அத்தை மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.

மூட்டையைப் படகில் ஏற்றிவிட்டுக் கூடைக்குத் திரும்பினோம். ஒரு பெண் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அத்தை சரியான விலையைச் சொன்னாள்.

அந்தப் பெண் உதட்டைச் சுழித்து, அதில் பாதிக்குக் கேட்டாள்.