வீடு நடந்து போகிற படம்

சூடேறிய பிளாஸ்டிக் வாடை எங்கே வந்தாலும் இன்றும் நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். எனக்குப் பத்து வயதில், புந்தோங் டவுனில், அடுக்குமாடி வீட்டில், வீடியோப் பெட்டி ஓடியோடிச் சூடானதும் வந்த வாடை அது. எங்களிடம் இருந்ததே ஒரே ஒரு டேப். "பாசார் மாலாம்" இரவுச் சந்தையில் பிள்ளைக்குக் கார்ட்டூன் வேண்டும் என்று கேட்டு அப்பா வாங்கி வந்தது. உறை மாறிப்போய், எந்த நாட்டுப் படமோ, பேச்சே இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது.

அதில் ஒரு தொப்பிக்காரன் தன் நெஞ்சிலிருந்து மேசை டிராயரை இழுப்பான், உள்ளே கடல் இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் முட்கள் இறங்கிவந்து கோழி மாதிரி தரையைக் கொத்தும். கடைசியில் வீடே எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிய பொம்பளையைப் போல, மெல்லக் கடலுக்குள் இறங்கிப் போகும். உள்ளே இருப்பவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருத்தருக்கும் பயம் கிடையாது. அப்பா அதைக் "கிறுக்குப் படம்" என்பார். "நம்ம படம்லா இது, பாப்பா" என்று சிரிப்பார்.

அதற்கு முன்னால் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று எங்களை அங்கிருந்த லயத்து வீட்டிலிருந்து கிளப்பியபோது அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. புந்தோங்குக்கு வந்த பிறகுதான் அவருக்கு மட்டும் "பெரட்டு" மணி கேட்க ஆரம்பித்தது. தோட்டத்து ஆபீஸ் முன்னால் தொங்கிய தண்டவாளத் துண்டில் விடியுமுன் அடித்து, ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவார்களே, அந்த மணி. "அடிச்சிட்டாங்க" என்று எழுந்து, பால் வெட்டும் கத்தியோடு தெருவில் மரம் தேடுவார். ஒரு நாள் நடுரோட்டில் கத்தியும் கையுமாக நின்றவரைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. நேரத்தைக் காதால் கேட்டே வளர்ந்தவர். மணி அடித்தால் வேலை, சங்கு ஊதினால் சோறு. புந்தோங்கில் மணியும் இல்லை, சங்கும் இல்லை, நான்தான் இருந்தேன். "பாப்பா, மணி என்னா?" என்று நாளைக்கு இருபது தடவை கேட்பார்.

அப்பாவுக்குத் தேவலாம், சனிக்கிழமை பதினொரு மணிக்குள் வந்து டாக்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கே கூட்டிப்போகலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அம்மா அவர் சட்டையைத் தேய்த்துப் பையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நான் டேப்பைப் போட்டேன். அப்பா வரவேண்டும் என்றும் இருந்தது, வரக்கூடாது என்றும் இருந்தது; இரண்டையும் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் படம் ஓடும்வரை ஒன்றும் நடக்காது என்று நம்பினேன்.

"மணி என்னா?"

ஒன்பது ஆகப்போகிறது. "எட்டும்மா" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் எட்டு என்றேன். பையை மடியில் வைத்து அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வீடு கடலுக்குள் இறங்கியபோது, அப்பா போன பிறகு அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த பஸ்ஸில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டி, டாக்டர் கிளம்பிவிட்டிருந்தார். தலையைப் படிய வாரிக்கொண்டு காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா, எழுந்து உள்ளே போய்விட்டாராம். அடுத்த வாரம் போய்க் கூப்பிட்டோம். "எந்த வீட்டுக்கு? என் வீடுதான் நடந்து போயிருச்சுலா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமை போய்க் கெஞ்சியிருப்போம்! மூன்றாம் வருடம், காய்ச்சலில் போன பிறகு, பெட்டியில் வைத்துத்தான் அவரைக் கூட்டிவந்தோம்.

போன மாதம் என் மகள் கைப்பேசியில் ஏதோ பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கிறுக்குப் படத்தில் போலவே ஒருவன் முகம் உருகி மேசையில் வழிந்தது. எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், முப்பது வருடமாக மறைத்துவைத்த அந்த எட்டு மணிப் பொய்யை.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்கா தெரியாது? காட்டுல பொறந்தவ நான். எதுத்த செவுத்துல வெயிலு பாதி எறங்கிட்டா ஒம்போதுன்னு தெரியாதா? மறுபடி கத்தியத் தூக்கிட்டு ரோட்டுல நிப்பாரோன்னு பயம். நீ எட்டுன்னு சொன்னே. சரி, எட்டாவே இருக்கட்டும்னு உக்காந்துட்டேன்."

தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காடு. தண்டவாள மணி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ, டேப் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. அம்மா மட்டும் இன்னும் "மணி என்னா?" என்று கேட்கிறார், நானும் நிமிடம் பிசகாமல் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியாவது அன்றைக்கு எழுந்திருக்கலாம்.