உம் கொட்டிய மத்தியானம்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். யாரையும் கெஞ்சி நம்பவைக்கும் மனநிலையில் நான் இல்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் நள்ளிரவில் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்கும் நேரத்தில்.

நான் நாட்டுப்புறக் கதைகளைத் தேடிப் பதிவு செய்கிறவள். தெருத் தெருவாக அலைந்து பதிவு செய்வேன். கேட்டதை வரி பிசகாமல் எழுதுவேன். எங்கள் துறைத் தலைவர் அதன் மேல் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மைக்'. எங்கே ஒரு மைக் இருந்தாலும் அதன் முன்னால் அவர் வாய் இருக்கும்.

கிழிந்த பையைத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில்தான் தையலம்மாவைக் கண்டுபிடித்தேன். வீட்டு முன்னறையில் தையல் மெஷின். கூட ஒரே மகள். அந்த அம்மாவுக்கு ஒரு பெரிய கதை தெரிந்திருந்தது. யாரும் முகம் பார்த்திராத ராஜாவுக்குச் சட்டை தைக்கப் போகிற ஒரு பெண்ணின் கதை. அரண்மனையில் மூன்று கதவுகள். எந்தப் புத்தகத்திலும், எந்தப் பதிவிலும் நான் பார்க்காத கதை. அன்றே பதிவுக் கருவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

தையலம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நீ உம் கொட்டணும். கொட்டலேன்னா கதை நகராது."

"அதான் மெஷின் பதிவு பண்ணுதேம்மா."

"மெஷினுக்கெல்லாம் நான் கதை சொல்ல மாட்டேன். ஒரு மெஷினோட மாரடிக்கிறது போதும்."

அப்படியே நடந்தது. அவர் பொத்தான் தைத்துக்கொண்டே சொல்வார். வரிக்கு வரி நான் 'உம்' என்பேன். ஒரு 'உம்' தவறினால் நிறுத்திவிடுவார். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு என்னையே பார்ப்பார். வாரம் ஒரு நாள் என்று கதை மூன்றாவது கதவு வரை வந்தது. அந்தப் பெண் கதவைத் தட்டுகிறாள்... அங்கே நிறுத்தி, "மிச்சம் அடுத்த வாரம்" என்றார்.

அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

காலையிலேயே மகள் போன் செய்தாள். "அக்கா, கதைய முடிச்சே ஆகணும்ங்கறாங்க அம்மா. இன்னிக்கே வந்துடுங்க."

ஓடிப் போய் மைக்கிடம் கேட்டேன். அன்று மத்தியானம் துறைக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். ஏற்பாடு, வரவேற்புரை, தொகுப்புரை எல்லாம் நான்தானாம்.

"சார், அந்த அம்மாவுக்கு ரொம்ப முடியல."

"கதை எங்கம்மா ஓடிடப் போகுது? நாளைக்குப் போ."

இப்போது எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கூட்டத்தில் மத்தியானம் முழுக்க மேடையில் நின்றேன். வந்தவரைப் புகழ்ந்தேன். மைக்கைப் புகழ்ந்தேன். சாயங்காலம் கூட்டம் முடிந்து போனைப் பார்த்தால், தையலம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போனேன். மகள் என்னைப் பார்த்தாள். என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். கூப்பிட்டும் வராதவளுக்கு இது வேண்டியதுதான் என்று திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மைக் கூப்பிட்டார். கதையைக் குறுந்தகடாக வெளியிடப் போகிறாராம்.

"நடுநடுவுல உம் உம்னு ஒரு சத்தம் வருதே, மாடு கத்துற மாதிரி. அதெல்லாம் வெட்டிடு. முடிவு இல்லல்ல? நீயே ஏதாவது எழுதி, யாரையாவது பேச வச்சு ஒட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

பதில் சொன்னால் அறைந்துவிடுவேனோ என்று பயந்து பேசாமல் வெளியே வந்தேன். வேறு யார் கையிலாவது கொடுத்தால் குதறிவிடுவார்களே என்ற ஒரே காரணத்துக்காக அந்த வேலையைச் செய்ய உட்கார்ந்தேன்.

எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க மெத்தை. வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் அரைத் தூக்கத்தில் இருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் 'உம்'களை ஒவ்வொன்றாக வெட்டினேன். இடைவெளியே இல்லாமல் ஒட்டினேன். மணி இரண்டேகால். முதலிலிருந்து ஓடவிட்டேன்.

முதல் வரி. பிறகு... அமைதி.

ஒட்டியிருந்தேனே? திரையில் பார்த்தேன். இடைவெளி இல்லை. காதில் இருந்தது. சரியாக ஒரு 'உம்' அளவுக்கு.

அடுத்த வரி. மறுபடியும் இடைவெளி. இந்த முறை கொஞ்சம் நீளம்.

கணினிக் கோளாறு என்று நினைத்தேன். துறைக்கு மலிவு விலையில் ஓட்டைக் கணினி வாங்கிப் போட்ட மைக்கை வாய்விட்டுத் திட்டினேன்.

அப்போது, "என்னம்மா, தூங்கிட்டியா?"

தையலம்மாவின் குரல்.

அந்தப் பதிவை நான் நான்கு முறை எழுத்துக்கு மாற்றியவள். அதில் எந்த இடத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது.

பழக்கதோஷம்... "உம்" என்றேன்.

கதை நகர்ந்தது.

வரிக்கு வரி சொன்னேன். உம். உம். மூன்றாவது கதவு வந்தது. அந்தப் பெண் தட்டினாள். பதிவு அதோடு முடிந்தது. திரையில் கோடு நேராகிவிட்டது.

குரல் நிற்கவில்லை.

"கதவு தெறந்துச்சு..."

உம்.

இப்போது குரலில் மூச்சு வாங்கியது. பின்னால் வேறு சத்தங்கள். கீச்... கீச்... ஏதோ சக்கரம் உருளும் சத்தம். தூரத்தில் ஒரு பெண் யாருடைய பெயரையோ கூப்பிட்டாள். இருமல். இது தையல் மெஷின் இருக்கும் முன்னறை இல்லை.

ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

"இரும்மா. இன்னும் கொஞ்சம்தான்."

கை அப்படியே நின்றது.

உம்.

உம்...

உம்...

அவர் முடித்தார். முழுசாக முடித்தார். அந்த முடிவை இங்கே எழுத மாட்டேன். இதை மைக்கும் படிக்கக்கூடும்.

"அவ்ளோதான்மா கதை. நீ கெளம்பு."

பிறகு ஒரு நீண்ட மூச்சு.

ஒன்றுமில்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். ஒலிப்பதிவாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உள்ள யார்கூட பேசிட்டிருந்தீங்க? முக்கால் மணி நேரமா உம் உம்னுட்டே இருந்தீங்க."

"உங்களுக்கு வேற ஏதாவது கேட்டுச்சா?"

"உங்க குரல் மட்டும்தான். பதிவு அப்பவே ஓடி முடிஞ்சுபோச்சே."

பயம் அடங்கியதும் கோபம்தான் மிச்சம் இருந்தது. வெட்டியதை அழித்துவிட்டு, பழைய பதிவை 'உம்'களோடு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நேராக மைக்கின் அறைக்குப் போனேன்.

"முடிவு எழுதிட்டியா?"

"எழுத மாட்டேன்."

"வேலை வேணாமா உனக்கு?"

"வேணாம்னே வச்சுக்கோங்க."

என் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். பதினான்கு வருட வேலை. திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முடிவைச் சேர்க்க வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது. தையலம்மாவின் மகள்.

அவள் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் காலை நிறுத்தவில்லை.

"உங்கம்மா கதையோட முடிவு என்கிட்ட இருக்கு. சொல்லிட்டுப் போயிடுறேன்."

"எனக்குத் தெரியும். நானும்தான் கேட்டேன்."

"எப்போ?"

மெஷின் நின்றது. அவள் திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"நடிக்காதீங்க அக்கா. ஆஸ்பத்திரில நீங்க வந்தன்னிக்கு. மத்தியானம் மருந்து வாங்கிட்டு வந்தேன், கட்டிலச் சுத்தித் திரை மூடியிருந்துச்சு. அம்மா கதை சொல்றாங்க, நீங்க உம் கொட்டுறீங்க. ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. சரி, அக்கா கூட இருக்காங்கன்னு நம்பி வெளிய பெஞ்சுல உக்காந்துட்டேன்."

அவள் நூலை அறுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நீ கெளம்புன்னு அம்மா சொன்னாங்க. நீங்க வெளிய வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். வரல. திரையத் தள்ளிப் பாத்தா அம்மா கை ஜில்லுனு இருக்கு. நீங்க இல்ல. எந்த வழியா போனீங்க? என்னைக் கூப்பிட்டிருந்தா கடைசியா ஒருதடவை மூஞ்சியாவது பாத்திருப்பேனே."

அந்த நேரத்தில் நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள். போட்டோ இருக்கிறது.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அவள் அம்மா யாருமில்லாமல் தனியாகப் போனதாக ஆகிவிடும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு அவள் ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொள்வாள். என்னையே திட்டட்டும்.

"தப்புதாம்மா. உன்னைக் கூப்பிட்டிருக்கணும்" என்றேன்.

அவள் மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள். இன்று வரை என்னோடு பேசவில்லை.